மாங்கிளையில் தொங்குவது புல்லுருவியா, ஆர்க்கிட்டா? வேலூர் வெயிலில் ஆர்க்கிட் பிழைக்குமா?

காட்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது இது. வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பழைய பெங்களூரா மாமரத்தின் கவட்டையில் ஒரு செடி பிடித்திருக்கிறது. தடித்த நீள இலைகள் இரண்டு பக்கமும் அடுக்கடுக்காக இருக்கின்றன, வெளுத்த வேர்கள் காற்றில் தொங்குகின்றன. பக்கத்து வீட்டுப் பெரியவர், “புல்லுருவி தம்பி அது, வெட்டிப் போடு, இல்லாட்டி மரம் பட்டுப்போகும்” என்கிறார். மகள் கைபேசியில் படம் பிடித்துத் தேடிவிட்டு ஆர்க்கிட் என்கிறாள். இவருக்கு நம்பிக்கை வரவில்லை. பெங்களூரில் 600 ரூபாய்க்கு வாங்கிவந்த ஆர்க்கிட்டை வீட்டுக்குள் வைத்துத் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் இரண்டு மாதத்தில் அது அழுகிப்போனது. யாருமே கவனிக்காத ஒன்று இந்த வெயிலில் எப்படி நிற்கும்? போகிற போக்கில், இந்தச் செடிக்கு உலகமே ஏன் இப்படிக் கூத்தாடுகிறது என்றும் கேட்கிறார். வெட்டுவதா வேண்டாமா என்று கேட்டாலும், ஆர்க்கிட் என்றால் குளிரூர்க்காரர்களின் செல்லச் செடி என்ற எண்ணம்தான் கேள்விக்கு அடியில் இருக்கிறது. அது தவறான எண்ணம்.

வெட்டாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வரும். நான் இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் தாவர வகைப்பாட்டியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அமிர்தி, ஏலகிரி, ஜவ்வாது மலை என்று மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அலைந்த பழக்கத்தில் பேசுகிறேன். தோட்டக்கலையில் எனக்கு இருப்பது வீட்டு அனுபவம் மட்டும். மருத்துவம் என் துறையே அல்ல.

உங்கள் படத்திலிருப்பது ஆர்க்கிட் என்பதில் சந்தேகமில்லை. எந்த ஆர்க்கிட் என்றால், பூவைப் பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன். வாண்டா டெசலேட்டா என்பது என் ஊகம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் காய்ந்த காடுகளிலும், அடிவாரத்து ஊர்களில் மா, புளி போன்ற முதிய மரங்களிலும் இருப்பது பெரும்பாலும் அதுதான். ஆனால் அகாம்பே என்ற இன்னொன்றும் இதே மாதிரி இலையடுக்கோடு வரும். பூத்தால் குழப்பம் தீர்ந்துவிடும். வாண்டாவாக இருந்தால் சாம்பல் கலந்த மஞ்சள் இதழ்களில் பழுப்பு வலைக்கோடுகளும், நடுவில் நீலமோ ஊதாவோ தோய்ந்த, உதடு போன்ற இதழும், நல்ல மணமும் இருக்கும். அகாம்பேயின் பூ சிறியது, மஞ்சளில் செம்பழுப்புப் பட்டை போட்டது. கோடைக்கும் மழைக்கும் இடையில் கவனித்துக்கொண்டிருங்கள். வாண்டா டெசலேட்டாவை இந்தியாவின் கிழக்குக் கரையில் கண்டு, படத்தோடு 1795-ல் அச்சேற்றியவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரும் தாவரவியலாளருமான வில்லியம் ராக்ஸ்பரோ. நம் ஊர் மரத்துச் செடி இருநூறு வருடத்துக்கும் மேலாக உலகப் பதிவேட்டில் இருக்கிறது.

பெரியவரைக் குறை சொல்ல முடியாது. குடியாத்தம் பக்கத்து மாந்தோப்புகளில் புல்லுருவி செய்யும் அழிவைப் பார்த்தவர்கள், மரத்தின் மேல் வேறு பச்சை எதைக் கண்டாலும் அரிவாளைத் தேடுவார்கள். ஆனால் இரண்டும் வேறு. புல்லுருவியின் பழத்தைப் பூக்கொத்திக் குருவி தின்று, பசையோடு ஒட்டும் விதையைக் கிளையில் விட்டுப் போகும். அது முளைத்து, பட்டையைத் துளைத்து, மரத்தின் நீர்க்குழாய்க்குள் தன் உறிஞ்சியை நுழைத்துவிடும். புகுந்த இடத்தில் கிளை முடிச்சாக வீங்கியிருக்கும், அதற்கு அப்பால் இருக்கும் கிளை மெலிந்துகொண்டே வரும். ஆர்க்கிட் அப்படியல்ல. புல்லுருவி சமையலறைக்குள் புகுந்து சாப்பிடுகிறவன் என்றால், இது திண்ணையில் படுத்து எழுந்து போகிறவன். வேர் பட்டையின் மேலேதான் ஒட்டும், உள்ளே போகாது. ஒரு வேரை மெல்ல நெம்பிப் பாருங்கள், மரப்பட்டையில் ஓட்டை எதுவும் இருக்காது. ஆர்க்கிட் இருக்கும் கிளை பட்டுப்போவதைச் சிலர் சாட்சியாகக் காட்டுவார்கள். முதிய கிளையின் சொரசொரப்பான பட்டையில்தான் ஆர்க்கிட் விதை நிற்கிறது, முதிய கிளைதான் முதலில் பட்டும் போகிறது. இரண்டும் ஒரே இடத்தில் நடப்பதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது.

மரத்திலிருந்து எடுக்காவிட்டால் தண்ணீருக்கு என்ன செய்கிறது? அந்த வெளுத்த வேர்களில்தான் விஷயம் இருக்கிறது. வேருக்குச் சுற்றிலும் இறந்த உயிரணுக்களால் ஆன பல அடுக்கு உறை ஒன்று உண்டு, வெலாமென் என்பார்கள். காய்ந்திருக்கும்போது அதற்குள் காற்று நிறைந்திருப்பதால் வெள்ளையாகத் தெரியும். ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள், கண்ணெதிரே பச்சையாக மாறும். உறை நீரைக் குடித்துக் கண்ணாடியாகிவிட, உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரிகிறது. ஆம், இதன் வேரும் இலையைப் போல ஒளிச்சேர்க்கை செய்யும். மழையின் முதல் துளிகள் மரத்தில் வழிந்து வரும்போது தூசியிலும் பறவை எச்சத்திலும் இருக்கும் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வரும். செடிக்கு உரம் அந்த முதல் வழிசல்தான், அதை இந்த உறை பிடித்து வைத்துக்கொள்கிறது.

இலையும் சளைத்ததல்ல. சாதாரணச் செடி பகலில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். அதே துளை வழியாக நீர் ஆவியாகிப் போய்க்கொண்டிருக்கும். வேலூர் மே மாதத்தில் மண்ணில் வேர் இல்லாத செடி அப்படிச் செய்தால் ஒரே வாரத்தில் சருகாகிவிடும். வாண்டா வகைகள் பகலில் துளையை மூடிக்கொள்கின்றன. இரவில் திறந்து, வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாகச் சேர்த்து வைத்து, பகலில் மூடிய கதவுக்குள் அதை எடுத்துச் சமைக்கின்றன. அன்னாசியும் கள்ளிகளும் இதே வழிதான். இந்த உண்மைக்கான ஆரம்பகாலச் சாட்சியங்களில் ஒன்று நம் தென்னிந்தியாவிலிருந்து போனது. மதராஸ் அரசுப் பணியிலிருந்த பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர் 1810-களில் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில், ரணகள்ளி இலையைக் காலையில் மென்றால் புளிக்கிறது, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் கசக்கிறது என்று குறித்திருந்தார். இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவாகிவிடுகிறது என்பதை நாக்கால் கண்டுபிடித்தவர் அவர். ரணகள்ளி ஆர்க்கிட் அல்ல, ஆனால் தந்திரம் ஒன்றே.

இப்போது உங்கள் 600 ரூபாய்ச் செடிக்கு வருகிறேன். பெயர் சொல்லவில்லை, ஆனால் அகன்ற இலை, வண்ணத்துப்பூச்சி விரித்த மாதிரி வெள்ளைப் பூ என்று எழுதியிருப்பதால் பெலனாப்சிஸ் என்று எடுத்துக்கொள்கிறேன். அது குளிரூர்ச் செடி அல்ல. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா போன்ற வெப்பமான ஈரக்காடுகளில் அதுவும் மரத்தின் மேல்தான் வாழ்கிறது. கடையில் வேரைப் பாசிக்குள் இறுக்கித் திணித்து பிளாஸ்டிக் தொட்டியில் தருகிறார்கள், வண்டியில் அனுப்ப அதுதான் வசதி. நாம் மல்லிச்செடிக்கு ஊற்றுவது போல தினமும் ஊற்றுகிறோம். காற்றில் நனைந்து காற்றிலேயே காய வேண்டிய வேர், ஈரத்துக்குள் மூச்சுத் திணறி அழுகுகிறது. வெயில் கொன்றது என்று நினைத்திருப்பீர்கள், தண்ணீர்தான் கொன்றிருக்கும். போதாததற்கு நம் ஊர் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். மழைநீரைப் பிடித்து வைத்திருந்து ஊற்றினால் எந்த ஆர்க்கிட்டுக்கும் நல்லது. அது பிழைத்திருந்தாலும் இங்கே மறுபடி பூப்பது சிரமம். தொடர்ந்து 28 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தால் பெலனாப்சிஸ் பூங்கதிர் விடாது. வளர்க்கத்தான் வேண்டும் என்றால் டென்ட்ரோபியம் கலப்பினங்கள் நம் வெயிலுக்கு ஒத்துவரும். கல்யாண மண்டப அலங்காரத்தில் பார்க்கும் ஊதாப் பூ அதுதான். நிழல்வலைக்கு அடியில், கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் போட்ட ஓட்டைத் தொட்டியில் வையுங்கள். மண் ஒரு பிடிகூட வேண்டாம்.

ஒரு மரத்தில் நாலு செடி இருக்க, பக்கத்து மரத்தில் ஏன் ஒன்றுகூட இல்லை என்று மாணவர்கள் எப்போதும் கேட்பார்கள். இதற்கு முழுப் பதில் அறிவியலிடம் இன்னும் இல்லை. பட்டையின் சொரசொரப்பு, அது ஈரத்தைப் பிடிக்கும் அளவு, பட்டையில் வாழும் பூஞ்சை, பட்டையிலிருந்து கசியும் வேதிப்பொருள் எல்லாமே பங்கெடுக்கின்றன, எது எவ்வளவு என்பதில்தான் தகராறு. இந்தச் சேர்க்கையை நம் ஆட்கள் பழைய காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். டச்சுக் கவர்னர் வான் ரீடு கொச்சியில் உள்ளூர் வைத்தியர்களைக் கொண்டு தொகுத்து, 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக வெளியிட்ட மலபார்த் தாவர நூலில் ஓர் ஆர்க்கிட்டின் பெயர் காஞ்சிர மரவாழை. காஞ்சிரம் நமக்கு எட்டி. எட்டியின் மேல் கண்டதால் அந்தப் பெயர். இன்று அதன் அறிவியல் பெயர் சிம்பிடியம் அலாய்போலியம். எட்டியில் வளர்வதால் எட்டியின் விஷமும் குணமும் அதில் இறங்கும் என்று சொல்வார்கள். சாறு உறிஞ்சாத செடிக்கு அது எப்படி இறங்கும் என்பது என் கேள்வி.

உலகமே ஏன் கூத்தாடுகிறது என்று கேட்டீர்களே, பூ பூத்ததும் அவசரமாகப் பறித்துவிடாமல் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். மொட்டு விரிவதற்குள் காம்பு தன்னைத்தானே அரைச்சுற்றுத் திருகிக்கொள்ளும். மேலே இருந்திருக்க வேண்டிய உதட்டிதழ் அதனால் கீழே வந்து, பூச்சி இறங்குவதற்கு மேடையாகிறது. காம்பில் அந்த முறுக்கு கண்ணுக்கே தெரியும். அடுத்து ஒரு பல்குச்சியை நடுவிலிருக்கும் தூணின் நுனிக்கு அடியில் மெல்ல விட்டு, வெளியே இழுக்கும்போது மேலாக உரசி எடுங்கள். நுனியிலிருக்கும் தொப்பி கழன்று, இரண்டு மஞ்சள் உருண்டைகள் ஒரு காம்போடு குச்சியில் ஒட்டிக்கொண்டு வரும். அந்தப் பூவின் மகரந்தம் மொத்தமும் அவ்வளவுதான். செம்பருத்தியைப் போலத் தூளாக இறைக்காமல், பொட்டலமாகக் கட்டிப் பூச்சியின் உடம்பில் ஒட்டிவிடுகிறது. சரியான பூச்சி சரியான பூவுக்குப் போனால் ஒரே தடவையில் ஆயிரக்கணக்கான விதைக்கு மகரந்தம் கிடைக்கும், போகாவிட்டால் எல்லாம் வீண். டொமினிக்கன் நாட்டில் கிடைத்த 1.5 முதல் 2 கோடி ஆண்டுப் பழமையான பிசினுக்குள், முதுகில் ஆர்க்கிட் மகரந்தப் பொட்டலத்தோடு ஒரு கொசுத்தேனீ அகப்பட்டிருந்ததை 2007-ல் வெளியிட்டார்கள். அது கையில் இருக்கும் சாட்சி. அதை வைத்து, ஆர்க்கிட் குடும்பம் டைனோசர்கள் இருந்த காலத்திலேயே தோன்றிவிட்டது என்பது கணக்கு. கணக்குக்கும் சாட்சிக்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டார்வின் இந்தப் பொட்டலத்தில் மயங்கி 1862-ல் ஆர்க்கிட்டுக்கென்றே தனி நூல் எழுதினார். மடகாஸ்கரிலிருந்து வந்த ஒரு வெள்ளை ஆர்க்கிட்டுக்கு ஓரடி நீளத் தேன்குழல் இருந்தது, தேனோ அதன் அடிநுனியில் மட்டும். அப்படியானால் பத்துப் பதினோரு அங்குல உறிஞ்சுகுழலோடு ஒரு அந்துப்பூச்சி மடகாஸ்கரில் இருந்தே ஆக வேண்டும் என்று எழுதினார். சிலர் சிரித்தார்கள். 1903-ல் அந்தப் பூச்சி விவரிக்கப்பட்டது, டார்வின் இறந்து இருபது ஆண்டுக்குப் பிறகு. அது அந்தப் பூவுக்கே வருவதை நேரில் பார்த்து உறுதிசெய்ய 1990-கள் வரை ஆயிற்று.

எல்லா ஆர்க்கிட்டும் நேர்மையாகத் தேன் கொடுப்பதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இனங்கள் பூச்சிக்கு எதையும் தராமல் ஏமாற்றுகின்றன என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. மத்தியதரைக் கடல் பக்கத்து ஒப்ரிஸ் என்ற ஆர்க்கிட் வகை, பெண் தேனீ அல்லது பெண் குளவியின் மணத்தையே வேதிப்பொருளாகத் தயாரித்து ஆணை வரவழைக்கும். அழுகிய இறைச்சி நாற்றத்தில் ஈயை இழுப்பவையும் உண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை. குரங்கு முக ஆர்க்கிட் என்று வாட்ஸ்அப்பில் வரும் பூ நிஜம், தென் அமெரிக்க மலைக்காடுகளில் இருக்கிறது. அதன் விதை என்று இணையத்தில் பாக்கெட் போட்டு விற்பதை வாங்கி ஏமாறாதீர்கள்.

ஏன் என்றால், ஆர்க்கிட் விதை விதைத்து முளைக்கும் விதை அல்ல. நெல்லுக்குள்ளும் துவரைக்குள்ளும் முளைக்குக் கட்டிக்கொடுத்த சாப்பாடு இருக்கும், இதில் ஒன்றுமே கிடையாது. வெறும் தூசி. டார்வின் ஓர் ஆங்கிலேய ஆர்க்கிட்டின் ஒரு காயில் சுமார் 6,200 விதை என்று கணக்கிட்டார், ஒரு செடிக்கு 1,86,300. அத்தனையும் முளைத்தால் அந்தச் செடியின் கொள்ளுப்பேரன்கள் பூமியின் நிலப்பரப்பையே ஏறக்குறைய மூடிவிடும் என்றும் எழுதினார். மூடவில்லை என்பது தெரிந்ததே. விதை விழுந்த இடத்தில் ஏற்ற பூஞ்சை இருந்து, அது உள்ளே நுழைந்து உணவு கொடுத்தால்தான் முளை பிடிக்கும். 1899-ல் இதைக் கண்டவர் பிரான்சின் நோயல் பெர்னார். 1922-ல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் பூஞ்சையே இல்லாமல் சர்க்கரை கலந்த ஊட்டக் கூழில் முளைக்க வைத்துக் காட்டினார். 1960-ல் ஜார்ஜ் மொரெல் குருத்துத் திசுவிலிருந்து ஒரே செடியை ஆயிரமாகப் பெருக்கும் வழியைத் திறந்தார். ராஜாக்கள் வாங்கிய பூ மண்டப மேடைக்கு வந்து சேர்ந்தது இந்த வழியில்தான்.

அதற்கு முன்னால் நடந்தது சூறை. 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பணக்காரர்களுக்கு ஆர்க்கிட் பித்துப் பிடித்திருந்தது. 1850-ல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் இன்றைய மேகாலயாவின் காசி மலையில் நீல வாண்டாவை ஏழு ஆள் சுமை பிடுங்கி லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தவை கொஞ்சமே. அவர் காட்டிய இடத்துக்குத் தோட்டக்காரரை அனுப்பிய இன்னொரு கனவான் ஒரே ஒரு ஆள் சுமையை அனுப்பினார். அது மோசமான நிலையில் போய்ச் சேர்ந்தும் 300 பவுண்டுக்கு விலைபோனது. இதை எழுதி வைத்தவர் ஹூக்கரேதான், ஒரு பருவத்தில் இரண்டாயிரம் மூவாயிரம் பவுண்டு சம்பாதிக்கலாம் என்ற கணக்கையும் சேர்த்து. அந்த நீல வாண்டா இன்று நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே, சுமார் 28,000 இனங்களும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ் வருகின்றன. ஜவ்வாது மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் காரின் பின்பக்கத்தில் செடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். காப்புக்காட்டிலிருந்து எதை எடுத்தாலும் குற்றம். தவிர, பிடுங்கிய செடி பழைய மரத்தின் பிடிப்பை விட்டுப் புது இடத்தில் பிடிப்பது அபூர்வம். ஆர்க்கிட் பார்க்கத்தான் ஆசை என்றால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

ஆர்க்கிட் நமக்கு அந்நியம் என்று நினைக்கிறவர்கள் ஐஸ்கிரீமில் இருக்கும் வெனிலாவை மறந்துவிடுகிறார்கள். அது மெக்சிகோவின் ஒரு கொடி ஆர்க்கிட்டின் காய். வேறு நாடுகளில் நட்டபோது பூத்தது, காய்க்கவில்லை. 1841-ல் ரியூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு குச்சியாலும் கட்டைவிரலாலும் மகரந்தம் சேர்க்கும் எளிய முறையைக் கண்டான். உலகின் வெனிலாத் தோட்டங்கள் இன்றும் அந்தக் கைவேலையைத்தான் செய்கின்றன. மெக்சிகோவில் இயற்கையாக அந்த வேலையைச் செய்வது கொசுத்தேனீ என்று பழைய புத்தகங்கள் எழுதும், இப்போது அதில் சந்தேகம் வந்து வேறு தேனீக்களைச் சொல்கிறார்கள். நாட்டுமருந்துக் கடையில் விற்கும் சாலாமிசிரியும் ஆர்க்கிட் கிழங்குதான். அது எந்த நோய்க்கு ஆகும் என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் ஒரு கிழங்கைத் தோண்டினால் ஒரு செடி போகிறது, இமயமலையில் அப்படித் தோண்டித் தோண்டி அந்த இனங்கள் அருகிவிட்டன என்பது மட்டும் தெரியும்.

உங்கள் மரத்துக்கு இனி செய்ய வேண்டியது அதிகமில்லை. உரம் வேண்டாம், தினசரித் தண்ணீர் வேண்டாம். கடும் கோடையில் இலை சுருங்கி மடிந்தால் மட்டும் விடிகாலையில் வேரில் மழைநீரைத் தெளியுங்கள். மாமரத்துக்கு மருந்தடிக்க ஆள் வந்தால், பூஞ்சைக்கொல்லி அந்தக் கவட்டையில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கவாத்து செய்யும்போது அந்தக் கிளை போக வேண்டியதாக இருந்தால், செடியைப் பிய்க்காமல் கிளைத்துண்டோடு அறுத்து, அதே மரத்தில் அதே திசை பார்த்துத் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டிவிடுங்கள். பெரியவரிடம், மேலே எங்காவது முடிச்சு வீங்கிய உண்மையான புல்லுருவி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பழைய பெங்களூரா மரம் என்றால் இருக்க வாய்ப்புண்டு, அரிவாள் அதற்குத் தேவைப்படும். பூ வந்ததும் உதட்டிதழ் தெளிவாகத் தெரிய முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படம் எடுத்துப் போடுங்கள், பெயரை அப்போது சொல்கிறேன்.